ஹவுளுக்குப் போட்ட குழாய்

எங்கள் பள்ளிவாசலுக்குத் தொழ வருகிறவர்கள் முகம் கை கால் கழுவி ஒளு எடுப்பதற்கு ஒரு பெரிய தொட்டி உண்டு. ஹவுள் என்போம். நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்து அடி, ஆழம் என் இடுப்பு மட்டும். சுற்றிவர உட்காரச் சீமெந்துக் கட்டு, மேலே ஓட்டுக் கூரை. மாத்தளை டவுனிலிருந்து இரண்டு மைல் தள்ளி, மிளகுக் கொடியும் கொக்கோ மரமுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. ஊருக்கு மேலே மலை. மலைக்கு அந்தப் பக்கம் எல்கடுவைத் தேயிலைத் தோட்டங்கள், இந்தப் பக்கச் சரிவில் ஓர் ஊற்று. கமுக மரங்களைப் பிளந்து குடைந்து, ஒன்றின் வாயில் ஒன்றைச் சாய்த்து, ஊற்றிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் பீலி போட்டிருந்தார்கள். தண்ணீர் அதில் தத்தித் தத்தி ஓடிவந்து, கடைசியில் ஆள் உயரத்திலிருந்து ஹவுளுக்குள் விழும்.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படி விழுந்துகொண்டிருந்த தண்ணீரை விழவிடாமல் செய்தவன் நான். அதில் எனக்கு அப்போது பெரிய பெருமை இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, சொந்த ஊர்ப் பாடசாலைக்கே விஞ்ஞான மாஸ்டராக வந்து சில வருஷம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வயது. ரேடியோ பெட்டரி ஏன் இறங்கிப்போகிறது, கொக்கோ விதை ஏன் பூஞ்சணம் பிடிக்கிறது என்று ஊரில் எதற்கும் என்னிடம் வருவார்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்வேன். தெரியாததற்கு இன்னும் நீளமாகப் பதில் சொல்வேன். "உங்கட தலைக்கனத்துக்குத் தொப்பி அளவு காணாது" என்பாள் என் மனைவி.

பாடங்களிலேயே தண்ணீர்ப் பாடம்தான் எனக்கு உயிர். ஐதரசன் இரண்டு பங்கு, ஒட்சிசன் ஒரு பங்கு. சேர்ந்தால் உலகமே நடக்கிறது. மற்றப் பொருட்கள் அநேகமாக உறைந்தால் கனத்துத் தாழும், தண்ணீரோ உறைந்தால் இலேசாகி மிதக்கும். மிதக்காவிட்டால் குளிர் நாடுகளில் குளத்தின் அடி முழுக்க ஐஸாகி மீன் ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். குளம் உறைந்ததை நானோ என் பிள்ளைகளோ கண்டதில்லை. டவுன் மீன் கடையில் மரத்தூளுக்குள் கிடக்கும் ஐஸ் கட்டிதான் நாங்கள் கண்ட பனிக்காலம். ஒரு துண்டு வாங்கிவந்து கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டுக் காட்டுவேன்.

ஹவுள் கட்டில் உட்கார்ந்து ஒளு எடுக்கும்போதும் உள்ளே பாடம் ஓடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் சுபஹ் தொழுகைக்குப் போகும்போது வெளியே உடம்பு நடுங்கும், ஹவுள் தண்ணீர் இதமாக இருக்கும். மதியம் ஓடு கொதிக்கும், தண்ணீர் சில்லென்று இருக்கும். சூட்டை மெல்ல வாங்கி மெல்லத் திருப்பிக் கொடுப்பது தண்ணீரின் குணம். தன்வெப்பம் என்று அதற்குப் பெயர். மேலே வெயிலும் பனியும் என்ன ஆட்டம் போட்டாலும் ஹவுளுக்குள் இருக்கும் மீன்களுக்கு அதிகம் தெரியாது.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். ஓதப் பள்ளியில் சின்ன வயதில் படித்திருந்தோம்: நிறம், சுவை, மணம் மூன்றும் மாறாதிருந்தால் ஹவுள் தண்ணீர் சுத்தம், ஒளு எடுக்கலாம். நான் படிப்பித்த விஞ்ஞானப் புத்தகத்தின் முதல் வரியும் அதேதான்: தூய நீருக்கு நிறமில்லை, சுவையில்லை, மணமில்லை. மார்க்கமும் விஞ்ஞானமும் இப்படி ஒரே வரியில் கைகோத்து நிற்கிறதே என்று மேடை கிடைத்தபோதெல்லாம் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது, பாய் விரிப்பது, ஹவுளைக் கவனிப்பது எல்லாம் மோதினாருடைய வேலை. அவருக்கும் என் வயதுதான். கலேவெலப் பக்கம், குளக்கட்டை ஒட்டிய ஒரு கிராமத்து ஆள். பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தார். பாங்கு சொன்னால் மலையில் பட்டுத் திரும்பும். மற்ற நேரங்களில் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது; நிலத்தைப் பார்த்து முணுமுணுப்பார்.

ஹவுளுக்கு மீன் கொண்டுவந்தவரும் அவர்தான். அவர் வருவதற்கு முன்பு தண்ணீரில், இரவில் கடிக்கிற நுளம்பின் குஞ்சு நெளியும். வந்த வருஷமே ஊருக்குப் போய், குளத்தில் பிடித்த மீன்களை மண்பானையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜப்பான் மீன் என்று குளத்துக்காரர்கள் சொல்கிற தட்டை மீன்கள், கொஞ்சம் கெண்டை, ஒரே ஒரு விரால். கலேவெலயிலிருந்து தம்புள்ளைக்கு வந்து, அங்கே பஸ் மாறி, நாவுல வழியாக மாத்தளைக்கு. எப்படிச் சாகாமல் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஆட்டிட்டே வந்தேன்" என்றார். மீனைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாராம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். மீன்கள் பெருகின. நுளம்பு போய்விட்டது. ஒளு எடுக்கக் காலைத் தண்ணீரில் விட்டால் விரல் இடுக்குகளைக் கொத்தும். சில பேர் அந்தக் கூச்சத்துக்காகவே நேரத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷம் நோன்பு மாசி வெயிலோடு வந்தது. அதற்கு முந்திய மாதம் பெரிய டிரஸ்டி ஜமாஅத்தைக் கூட்டினார். மிளகும் ஏலமும் வாங்கி விற்கிற ஹாஜியார் அவர். நல்ல மனுஷன், அவசரக்காரர். பீலி உக்கிவிட்டது, நோன்பில், தொழுகை நடத்துகிற லெப்பை குர்ஆன் ஓதும்போது தண்ணீர் விழும் சத்தம் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் எழுந்தேன். ஊற்று வாயிலிருந்தே இரும்புக் குழாய் போடுவோம், குழாயின் மறுமுனையை ஹவுளின் அடியில் கொண்டுபோய் விடுவோம், தண்ணீர் கீழிருந்து சத்தமில்லாமல் ஏறும், இலை தழை விழாது, தெறிக்காது என்று கரியால் தூணிலேயே படம் போட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. லெப்பை கையேந்தி எனக்காகத் துஆ கேட்டார்.

குழாய் பூட்டிய அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. பீலியைக் கழற்றி ஓரமாகப் போட்டார்கள். மோதினார் என் பக்கத்தில் வந்து நின்று, வழக்கம்போல நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "மாஸ்டர், தண்ணி விழுந்தே வரட்டுமே. விழாத தண்ணிக்கி மூச்சு ஈக்காது."

"தண்ணிக்கி மூச்சா? அப்ப மூக்கு எந்தப் பக்கம் ஈக்கி, கொஞ்சம் காட்டுங்க" என்றேன். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு. குழாயைத் திறந்ததும் ஹவுள் ஒரு சத்தமும் இல்லாமல் நிறைந்தது. அத்தனை வருஷத்தில் முதல் தரமாகப் பள்ளிவாசலுக்குள் காக்கை கத்துவது கேட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். சுபஹ் முடிந்து வெளியே வரும்போது ஹவுள் பக்கம் சளார் சளார் என்று சத்தம். பார்த்தால் மோதினார் ஒரு வாளியில் தண்ணீரை மொண்டு, கட்டின் மேல் ஏறி நின்று, தலைக்கு மேல் தூக்கித் திரும்ப ஹவுளுக்குள்ளேயே ஊற்றுகிறார். பிறகும் மொள்ளுகிறார், பிறகும் ஊற்றுகிறார்.

"என்ன வேலை இது?" என்று கேட்டேன்.

"இப்படி ஊத்தினா மீன் கீழ போகுது மாஸ்டர். ஊத்தாட்டி மேல வந்து நிக்கிது. தண்ணிக்கிக் காத்து காணாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சத்தம் இல்லாமல் இருக்கத்தானே இத்தனை பாடுபட்டுக் குழாய் போட்டோம், இந்த மனுஷன் வாளியால் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவருகிறாரே என்று. ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அன்றோடு வாளி வேலை நின்றது.

நோன்பு பிறந்தது. வெயில் ஏற ஏறத் தண்ணீரின் அருமை பாடப் புத்தகம் இல்லாமலே புரிந்தது. நோன்பு வைத்தவனுக்கு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், தலை மந்தமாகும், வேர்வைகூட யோசித்து யோசித்து வரும். வேர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உப்பையும் சீனியையும் கரைத்துச் சுமந்து உடம்பெல்லாம் கொண்டு சேர்ப்பதும் தண்ணீர்தான். பொழுது விழுந்து மஃரிப் பாங்கு சொன்னதும் முதல் மிடறு தொண்டைக்குள் இறங்குகிறதே, அப்போது நான் மாஸ்டர் இல்லை, வெறும் காய்ந்த செடி.

அப்படி ஒரு மாலையில், நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது, மோதினார் பள்ளிவாசல் கஞ்சியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கஞ்சி கொடுத்த பிறகும் போகவில்லை. வாசலில் நின்றார்.

"மாஸ்டர், அந்தக் குழாயக் கொஞ்சம் மேல தூக்கி உட்டா நல்லம். கூட வேணாம். தண்ணிக்கி மேல ஒரு சாண் ஈந்தா போதும்."

பசியும் தாகமுமாக எனக்கு எந்தக் குழாயும் நினைவில் நிற்கிற நேரமில்லை. "பெருநாள் கழியட்டும், பாப்போம்" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். கஞ்சி ஆறிவிடுமே என்ற கவலைதான் அப்போது எனக்கு இருந்தது.

நோன்பு பதினைந்தோ பதினாறோ, சுபஹுக்குப் போனபோது ஹவுளில் நான்கு மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் கட்டோரம் முழுக்க. உயிரோடு இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மோதினார் ஒவ்வொன்றாகப் பிடவைத் துண்டில் அள்ளி வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார். நான்காம் நாள் ஹவுளில் அந்த விரால் மட்டும் தனியாக நீந்தியது.

ஒளு எடுக்கிற தண்ணீரில் மீன் செத்தால் சும்மா விடுவார்களா? ஊர் கூடிவிட்டது. தண்ணீரில் பிழையா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். செத்ததை அள்ளி இரண்டு நாள் கழிந்த பிறகு, ஒரு மாலை, எல்லோரும் பார்த்திருக்க, லெப்பை ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஹவுள் தண்ணீரை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். நோன்பு திறந்து பேரீச்சம்பழம் கடித்த வாயோடு அதிலேயே ஒரு மிடறு குடித்தார். "நிறம் சரி, மணம் சரி, சுவையும் சரி" என்றார்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், உங்கட படிப்பு என்ன செல்லுது?"

மறுநாள் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். நோன்பு விடுமுறை, ஆய்வுகூடச் சாவி என்னிடம்தான் இருந்தது. அமிலம் காட்டுகிற நீலப் பாசிச்சாயத் தாளை நனைத்தேன், சிவக்கவில்லை. சிவப்பை நனைத்தேன், நீலமாகவில்லை. கொஞ்சத்தைக் கிண்ணத்தில் வற்றவைத்துப் பார்த்தேன், ஊற்றுத் தண்ணீரில் இருக்கிற வெள்ளைப் படலம் தவிர ஒன்றும் இல்லை. அஸருக்குப் பிறகு ஜமாஅத் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணியில ஒரு பிழையும் இல்ல" என்று அறிவித்தேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தண்ணீரில் பிழை இல்லையென்றால் தண்ணீரைப் பார்க்கிற ஆளில்தான் பிழை. மோதினாருடைய மனைவி ஹவுள் ஓரத்தில் சோடா போட்டு உடுப்புத் துவைத்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். வாளி வேலையை நிறுத்தியதில் அவருக்குக் கோபம், அதனால் எதையோ கலக்கிவிட்டார் என்று இன்னொருவர். ஹாஜியார் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் ஒண்டும் போடல்ல ஹாஜியார்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு தலையைத் தூக்கி ஒரு தரம் என்னைப் பார்த்தார். பரிந்து பேசச் சொல்லிக் கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். விஞ்ஞானத்தில் பரிவுக்கு என்ன வேலை என்று தூணில் சாய்ந்துகொண்டேன்.

பெருநாள் கழிந்ததும் அவர் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்கு ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், இரண்டு பிள்ளைகள். மனைவிக்கு நிறைமாதம். என் மனைவி ஓடிப்போய் அவளுக்கு இரண்டு பழைய பிடவையும் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெயும் கொடுத்துவிட்டு வந்தாள். மீன் கொண்டுவந்த அந்த மண்பானையையும் அவர் கையோடு கொண்டுபோனாராம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பஸ் நிற்கிற பக்கம் போகவில்லை.

பாடசாலை தொடங்கியது. எட்டாம் வகுப்புக்குத் தண்ணீர்ப் பாடம். ஒவ்வொரு வருஷமும் செய்கிற பரிசோதனைதான்: குடுவையில் தண்ணீர் வைத்து மதுசார விளக்கில் மெல்லச் சூடாக்குவது. கொதிப்பதற்கு வெகு முன்பே குடுவையின் உட்சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டும். "இது நீராவியா?" என்று கேட்பேன். "ஆம்" என்பார்கள். "இல்லை" என்று சொல்லி, சோக்கட்டியை எடுத்து விடையை எழுதுவேன். அன்றும் எழுதினேன்:

நீரில் காற்று கரைந்துள்ளது. நீர் வெப்பமாகும்போது அக்காற்று வெளியேறும். மீன்கள் கரைந்துள்ள இக்காற்றையே சுவாசிக்கின்றன.

மூன்றாவது வரியின் முற்றுப்புள்ளியில் சோக்கட்டி நின்றது. பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவில்லை. என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வருஷமாக எழுதிவருகிற வரி அது.

பீலியில் தத்தி ஓடி, ஆள் உயரத்திலிருந்து விழுந்து, உடைந்து நுரைத்துத் தண்ணீர் காற்றைக் கரைத்துக்கொண்டு வந்தது. நான் அதை மண்ணுக்குள்ளிருந்து வந்த கையோடு இரும்புக் குழாயில் அடைத்து, காற்றே படாமல் ஹவுளின் அடிக்குக் கொண்டுபோனேன். வாரக்கணக்கான மாசி வெயிலில் ஹவுள் தண்ணீரும் மெல்லச் சூடேற, இருந்த கொஞ்சக் காற்றும் போயிற்று. நிறம் சரி, மணம் சரி, சுவை சரி. அந்த மூன்றிலும் தெரியாத ஒன்று அதில் இல்லாமல் போயிருந்தது. ஹவுளில் நஞ்சு கலந்திருந்தால் அந்த விரால் எப்படிப் பிழைத்தது என்றுகூட நான் யோசிக்கவில்லையே! விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற சாதி. பாடசாலை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அது மேலே வந்தது, ஒரு வாய் காற்று வாங்கியது, கீழே போயிற்று.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை, மோதினாருக்குக் கலேவெலயில் வயல் இருக்கும், அண்ணன் தம்பி இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையை ஓரமாக நகர்த்தினாள்.

"நிறமாசப் புள்ளத்தாச்சிய பஸ்ஸில ஏத்தி அனுப்பினோமே" என்றாள். "அத மறைக்கவா நீங்க இவ்வளவு படிச்சீங்க?"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்றேன். தூணில் நான் போட்ட கரிப்படம் அழியாமல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஹாஜியார் கேட்டார்.

"குழாய அடியில போடச் சென்னது யாரு?"

"நான்."

"வாளிய நிப்பாட்டச் சென்னது?"

"நான்தான்."

"தண்ணியில பிழை இல்லண்டு சென்னது?"

"அதும் நான்தான், ஹாஜியார்."

அவர் தாடியைத் தடவினார். சிரிப்பதா ஏசுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "போகச் சென்னது நான். அந்தப் பாவத்தில எனக்கும் பங்கு ஈக்கி" என்றார். "நாளைக்கிப் போய் அவரக் கூட்டிட்டு வாங்க. வரமாட்டேண்டு சென்னா நீங்களும் அங்கேயே ஈந்துக்கோங்க."

அன்று அஸருக்கு முன்பே குழாயை வெட்டி, வளைவு பூட்டி, முனையைத் தண்ணீருக்கு மேலே இரண்டு சாண் தூக்கினோம். தண்ணீர் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. பள்ளிவாசலுக்குள் லெப்பை ஓதிக்கொண்டிருந்தார். அன்று யாரும் இடைஞ்சல் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை கலேவெலயில் இறங்கி, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்குப் போனபோது மதியம் ஆகிவிட்டது. தம்பி வீட்டுச் சுவரோடு இறக்கிய சார்ப்பில் குடியிருந்தார்கள். உள்ளே குழந்தை அழுதது. பிறந்து ஐந்து நாளாம், இதுவும் பெண். மோதினார் பாய் விரித்து என்னை உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கரைந்த காற்று, வெப்பம், குழாய் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விரால் ஈக்கா?" என்று கேட்டார்.

"ஈக்கி."

"குழாயத் தூக்கினீங்களா?"

"ரெண்டு சாண்." என் மனசிலிருந்ததையும் கேட்டுவிட்டேன். "இவ்வளவும் தெரிஞ்ச நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"சென்னேனே மாஸ்டர். மூணு தரம் சென்னேன். குழாய் போட்ட அண்டைக்கி ஒருக்கா. வாளியோட நிண்ட அண்டைக்கி ஒருக்கா. கஞ்சி கொண்டுவந்த அண்டைக்கி ஒருக்கா. ஹாஜியார் என்னக் கூப்பிட்டுக் கேட்ட நேரம், நாலாந்தரம் நீங்க செல்லுவீங்களாக்கும் எண்டு பாத்தேன்."

இங்கே நான் வரிசையாக எழுதியிருக்கிறேனே, அந்த மூன்று தரத்தையும் அவர் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தது. அதுவரைக்கும் என் நினைவில் இருந்தது நான் சொன்ன பதில்கள் மட்டும்தான். இளநீரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். "வாறேன் மாஸ்டர். வீட்டுக்காரி நாப்பது நாள் கழிஞ்சி வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் பானையை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போனார்.

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டோம். பானையில் முக்கால்வாசித் தண்ணீர், பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள், சிந்தாமல் இருக்க மேலே இரண்டு இலைக் கொத்து. பானையை நான் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் இப்படியும் அப்படியுமாக ஆட்ட வேண்டும். தண்ணீர் பானைச் சுவரில் மோதித் திரும்ப வேண்டும். தம்புள்ளையில் பஸ் மாறினோம். அப்போதே தோள் வலிக்கத் தொடங்கிவிட்டது. நாவுலவில் கத்தரிக்காய்ச் சாக்குகள் ஏற்றுவதற்காகப் பஸ் வெகுநேரம் நின்றது. என் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோதினாரிடமே, பேச்சுத் துணைக்கும் கொஞ்சம் என் மரியாதைக்குமாக, விளக்கத் தொடங்கினேன்.

"நாம ஆட்டக்குள்ள என்ன நடக்குதுண்டு தெரியுமா? தண்ணிட மேல்பரப்பு உடையுது. உடைய உடையக் காத்துல உள்ள ஒட்சிசன் உள்ளுக்குப் போய்க் கரையுது. தண்ணி குளிரா ஈந்தா இன்னும் கூடக் கரையும், சூடா ஈந்தா..."

அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டிச் சூடு ஏறுவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். பானைக்குள் இலையை விலக்கிக்கொண்டு ஒரு சின்ன வாய் மேலே வந்தது. பிறகு இன்னொன்று.

"அதெல்லாம் பொறகு செல்லித் தாங்க மாஸ்டர்" என்றார் மோதினார். இந்தத் தரம் அவர் நிலத்தைப் பார்க்கவில்லை. "இப்ப பானைய ஆட்டுங்க."

ஆட்டினேன். மாத்தளை வரும்வரைக்கும் நான் வேறு ஒன்றும் பேசவில்லை.